தடுக்காத கல்

"பாத்து வாங்கம்மா!"

மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து அந்த அம்மாளின் கையைப் பிடித்தார். நடைபாதையில் பெயர்ந்து கிடந்த கல்லில் தினமும் சாயங்காலம் அம்மாள் தடுமாறுவதும், கடைக்காரர் ஓடிவருவதும் வழக்கமாகிவிட்டது.

"உங்க வீட்டுக்குப் பின்னாடியே பூங்கா இருக்கு. பாதை வழுவழுன்னு போட்டிருக்காங்க. அங்க நடக்கக் கூடாதா?"

"அது எனக்குச் சரிப்படலைங்க."

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. நகராட்சிக்கு நடையாய் நடந்து, புதுக் கல் பதிக்க வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

மறுநாள் அம்மாள் வந்தபோது கல்லாவில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார். "இனிமே கண்ண மூடிக்கிட்டு நடங்கம்மா!"

அம்மாள் நின்று, புதுக் கல்லைப் பார்த்தார். இரண்டடி எடுத்து வைத்தார். அதே இடத்தில் தடுமாறினார்.

கடைக்காரர் பதறி ஓடிவந்து கையைப் பிடித்தார். "கல்லு சமமாத்தானே இருக்கு! காலுக்கு என்னம்மா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காலுக்கு ஒண்ணுமில்லைங்க." அம்மாள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "பூங்காவை எத்தனை சுத்து சுத்தினாலும் ஒருத்தரும் ஏறெடுத்துப் பாக்க மாட்டாங்க. நாள் பூரா என்கிட்ட ஒரு வார்த்தை பேசுறது நீங்க மட்டும்தான். அதுவும் நான் தடுக்கினாத்தான்."