மீட்க இயலாது

2012 அக்டோபர் 17, புதன்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். நெய்வேலி மெயின் பஜாரில் சோபியா தன் கணினி பழுதுபார்க்கும் கடையைத் திறந்த சற்று நேரத்தில், ஒப்பந்தக்காரர் குஞ்சிதபாதம் ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை அவள் மேசைமீது வைத்தார்.

"என் பொண்ணு கல்யாணப் போட்டோ, வீடியோ எல்லாம் இதுலதாம்மா இருக்கு. உசுரே இல்ல, பாரு."

அந்தக் கல்யாணத்தைச் சோபியா மறந்தவள் அல்லள். இரண்டாண்டுகளுக்கு முன், அவரிடம் வேலை பார்த்த அவள் தந்தை இன்னாசிராஜ் நெஞ்சுவலியால் துடித்தபோது, புதுச்சேரிக்குக் கொண்டுபோக ஜீப் கேட்டு அவள் வடலூர் மண்டபத்துக்கு ஓடினாள். பந்தி நடுவே நின்ற குஞ்சிதபாதம், "சாப்பாடு பின்பக்கம் போடுறாங்க, அங்க போ" என்று கைகாட்டினார். இலைமுன் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜீப் கிடைக்காமல் ஏற்றிய பேருந்து நெல்லிக்குப்பம் தாண்டுவதற்குள் தந்தையின் மூச்சு நின்றுவிட்டது.

"பழச மனசுல வெச்சுக்காதம்மா" என்றார் அவர்.

"தொழில் வேற, பகை வேறங்க. எப்படிப் போச்சு?"

"ராத்திரி வோல்டேஜ் ஏறி அடிச்சிருச்சு."

"வடலூர் ஆபீஸ்லயா?"

"இல்ல, இங்கதான். தம்பி குவாட்டர்ஸ்ல."

மின்வெட்டால் ஊரெல்லாம் நாளில் பாதி இருளில் கிடந்த அந்த ஆண்டிலும், அனல்மின் நிலையத்தை ஒட்டிய நெய்வேலி டவுன்ஷிப்பின் விளக்குகள் கண் சிமிட்டியதில்லை. வேறு நாளாயிருந்தால் சோபியா சிரித்திருப்பாள். அன்று 'கல்யாணம்' என்ற ஒரு சொல்லே அவள் காதை அடைத்துக்கொண்டு நின்றது.

"இன்னிக்கு கேசாச்சே. எங்க வூட்டுக்காரரு விடியறதுக்கு முன்னயே கடலூர் கெளம்பிட்டாரு. நீங்க போகலயா?"

"போய்க்கினேதாம்மா இருக்கேன். கேசு ஆயிரம் வரும். பொண்ணு கல்யாணம் ஒரு தடவதானே?"

அவள் கணவன் பெனடிக்ட் பத்தாண்டுகளாகக் குஞ்சிதபாதத்திடம் ஒப்பந்தத் தொழிலாளி. அவனும் உடன் உழைத்த முப்பத்தேழு பேரும் பணி நிரந்தரம் கேட்டுக் கொடுத்த மனு அன்று கடலூரில் தொழிலாளர் துறை அதிகாரி முன் விசாரணைக்கு வருகிறது. வருகைப் பதிவேடுகளைத் தாமே கொண்டுவருவதாகக் குஞ்சிதபாதம் ஒப்புக்கொண்டிருந்ததால், பெனடிக்ட் பாடிக்கொண்டே புறப்பட்டிருந்தான்.

சோபியா மேலுறையைக் கழற்றினாள். மடிக்கணினியின் அடாப்டரை யாரோ இதில் செருகியிருக்கிறார்கள். மிகுதியாக வந்த மின்சாரத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு ஒரு சிறு டயோடு கருகிக் கிடந்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சரியான அடாப்டரைச் செருகினால் டிஸ்க் சுழலத் தொடங்கும். ஐந்து நிமிட வேலை.

"உள்ள வெச்சு சோதிக்கணும். டீ குடிச்சுக்கினு இருங்க."

தடுப்புக்குப் பின்னால் சென்று டிஸ்க்கின் மூடியைத் திறந்தாள். உள்ளே இருந்த தட்டில் அவள் முகம் கண்ணாடிபோல் தெரிந்தது. திருப்புளியின் நுனியை விளிம்பில் ஊன்றி, நடுவரை அழுத்தி இழுத்தாள். அடியிலிருந்த தட்டையும் அவள் விடவில்லை. பிறகு ஒரு திருகுகூடத் தவறாமல், முறைப்படி மூடினாள்.

"செத்துப்போச்சுங்க. இனி எந்தக் கம்பெனிக்குக் கொண்டுபோனாலும் எடுக்க முடியாது."

குஞ்சிதபாதம் நாற்காலியில் சரிந்தார். துண்டால் கண்ணைத் துடைத்தார். அந்தக் காட்சியைச் சோபியா அவசரமின்றிப் பார்த்தாள்.

"அமெரிக்காவுல இருக்கிற பொண்ணு நம்ப மாட்டாம்மா. நான்தான் தொலைச்சேன்னு சண்டைக்கு வருவா. கடை லெட்டர்ல ஒரு வரி எழுதிக் குடு தாயி."

மகளும் அழட்டும் என்று அவள் பேனாவை எடுத்தாள். டிஸ்க்கின் எண், தேதி, 'இதிலுள்ள எந்தப் பதிவையும் எவ்வகையிலும் மீட்க இயலாது' என்ற வாக்கியம், கையெழுத்து, முத்திரை. ஒன்றும் குறையவில்லை.

"கூலி எவ்ளோம்மா?"

"உங்ககிட்ட காசு வாங்க மனசு வரலைங்க."

"அப்பன் மாதிரியே தங்கமான மனசு" என்று சொல்லிக் காரில் ஏறினார்.

நண்பகலில் வீட்டுக்குப் போனவள், தந்தையின் படத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றினாள். "தீத்துட்டேன்பா" என்றாள். இரண்டாண்டுகளில் அன்றுதான் அவளுக்குச் சோறு ருசித்தது.

மாலை ஆறு மணிக்குப் பெனடிக்ட் கடைக்கு வந்தான். காலையில் கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பா திறக்கப்படவே இல்லை.

"தள்ளுபடி, சோபி."

முடிவு இதுதான்: வருகைப் பதிவு கிடைக்காததால், அவர்கள் தொடர்ந்து பணிபுரிந்தது நிரூபணமாகவில்லை; முப்பத்தெட்டுப் பேரின் மனுவும் நிராகரிக்கப்பட்டது. மாதக் கடைசியோடு வேலையும் இல்லை.

"பதிவேடு நோட்டெல்லாம் எங்க?"

"கரையான் அரிச்சிருச்சாம். எல்லாத்தையும் ஏதோ ஹார்ட் டிஸ்க்குல ஏத்தி வெச்சிருந்தானாம். அதுவும் செத்துப்போச்சுன்னு ஒரு கடுதாசிய நீட்டினான்."

சோபியாவின் விரல்கள் மேசை விளிம்பைப் பற்றின.

"நீங்க... ஒத்துக்கினீங்களா?"

"நம்மாளுங்க எல்லாரும் பொய்யின்னு கத்தினாங்க. அதிகாரி அந்தக் கடுதாசிய என் கையில குடுத்துப் படிக்கச் சொன்னாரு."

பெனடிக்ட் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"கீழ உன் கையெழுத்தப் பாத்ததும், நான்தான் எழுந்து 'இது பொய்யா இருக்காதுங்க ஐயா'ன்னு சொன்னேன்."