ரெகன்ஸ்பர்க் மரியாதை

"கப்பல் வரைக்கும் போலீஸ் கார்லயே கொண்டாந்து வுட்டாங்க. உங்க ஊர்ல இந்த மரியாதை கிடைக்குமா?" என்றார் இராமலிங்கம், போட்டோவைப் பலராமனின் மூக்குக்கு நேரே நீட்டி.

உங்க ஊராம்! பிறந்தது கீழ்பென்னாத்தூர், வீடு கட்டியிருப்பது வேங்கிக்கால். மகன் இனியன் ஜெர்மனியில் வேலைக்குப் போய், பெற்றவர்களை வரவழைத்து டான்யூப் ஆற்றில் கப்பலில் சுற்றிக் காட்டினாலும் காட்டினான், அன்றிலிருந்து திருவண்ணாமலை அவருக்கு 'உங்க ஊர்' ஆகிவிட்டது. புளிசாதம் கட்டிக்கொண்டு கப்பலேறிய மனுஷன்தான் இவர்.

இன்று மனைவி ராணியம்மாளோடு பலராமனின் மகள் மணிமொழியைப் பெண் பார்க்க வந்திருந்தார். ஜாதகம் பொருந்திவிட்டது. இனியனுக்கும் மணிமொழிக்கும் போனில் பேசி ஒருவரையொருவர் பிடித்துப்போயிருந்தது. இராமலிங்கம் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்தத் தலைதான் ஆடுவேனா என்றது.

"தண்ணி எடுத்துக்கோங்க சம்பந்தி," என்றார் பலராமன்.

"போர் தண்ணியா? வேணாம்." சம்பந்தி என்ற வார்த்தையையும் சேர்த்தே தள்ளிவிட்டு, அடுத்த போட்டோவை எடுத்தார். "இது ரெகன்ஸ்பர்க். அந்தக் காலத்து ஊரு. கல்லு பாலம், கல்லு தெரு. ஒரு குப்பை? ஒரு சாணி? தரையில சோத்தைக் கொட்டியே சாப்பிடலாம்."

"நம்ம கோயிலும் பழசுதானுங்களே," என்றார் பலராமன் மெதுவாக.

"பழசா இருந்தா போதுமா? வாசல்ல கால் வைக்க முடியுதா? அங்க பெரிய சர்ச்சு ஒண்ணு இருக்குது. நான் உள்ள போயிட்டு வெளிய வரேன், எனக்குப் பின்னாலயே அத்தினி ஜனமும் வெளிய வந்து என்னையே பாக்குது. அப்புறம்தான் கார் வந்துச்சு. சைரன் போட்டுக்கினு!"

அடேயப்பா, கலெக்டருக்குக் கூட அவர் முகத்தில் அப்போதிருந்த பெருமை வராது. பக்கத்தில் ராணியம்மாள் ஒரு பஜ்ஜியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தாள். வாயில் போடவில்லை.

மணிமொழி காபி கொண்டுவந்தாள். முந்தின நாள் பௌர்ணமி. நெற்றியில் விபூதி, பாதத்தில் கொப்புளம். தாங்கித் தாங்கி நடந்தாள்.

"கால்ல என்னாம்மா?" என்றார் இராமலிங்கம்.

"கிரிவலம் போனேங்க. செருப்பில்லாமதான் போவேன்."

இராமலிங்கம் ஒரு வாய் குடித்துவிட்டு, கஷாயம் கொடுத்தது போல டம்ளரை ஓரமாக வைத்தார்.

"பலராமன், வெளிப்படையா சொல்லிடறேன். அங்கல்லாம் ஒரு நாகரிகம் இருக்குது. நம்ம ஊர் பக்தியை அங்க போய் காட்டினா கைகொட்டிச் சிரிப்பாங்க. எம் புள்ள மானம் என்னாவறது? பொண்ணுக்கு வேற எடம் பாத்துக்கோங்க."

மணிமொழிக்குக் கண் நிறைந்துவிட்டது. பலராமனுக்குக் கோபம் வந்தது, ஆனால் பெண்ணைப் பெற்றவர். கையைக் கூப்பினார்.

"கொஞ்சம் யோசிச்சு சொல்லுங்க. ரெண்டும் மனசார பேசிக்கிட்டதுங்க."

"யோசிக்க என்னா இருக்குது? ராணி, எழுந்திரு."

ராணியம்மாள் எழுந்தாள். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை. பெண் பிடித்தால் வைப்பதற்கென்று கொண்டுவந்திருந்த மல்லிகைச் சரத்தைப் பையிலிருந்து எடுத்து, மணிமொழியின் தலையில் வைத்தாள்.

"ஏய், என்னா பண்றே? நான் வேணாம்னு சொல்லிக்கினு இருக்கேன்!"

ராணியம்மாள் பூவைச் சரிசெய்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"இவ நெத்தியில விபூதிதான் வெச்சிருக்கா. உங்கள மாதிரி சர்ச்சுக்குள்ள கற்பூரம் கொளுத்திட்டு போலீஸ் கார்ல ஏறல!"