முப்பத்தைந்துக்குள்

ஜவுளிக்கடை வாசல் கேமரா முகத்தின் வயதைச் சொல்லும். முப்பத்தைந்தைத் தாண்டினால் விற்பனைப் பெண்ணுக்கு அன்றோடு வேலை போய்விடும். அங்கே விற்பனைக்கு நிற்கும் நாற்பத்தாறு வயது செண்பகவல்லி, மருந்துக்கடையில் முகத்தை இளமையாகக் காட்டும் விலை குறைந்த வைட்டமின் சி சீரத்தை எடுத்தாள்.

"அக்கா, இதைப் போட்டா ஒரு மாசத்துக்கு அழக்கூடாது. அழுதா மொத்தமும் வீண். விலை கூடினதுல அந்தத் தொல்லை இல்ல," என்றாள் கடைப்பெண்.

"எனக்கு அழ எங்கடி நேரம்?" என்று சிரித்தாள் செண்பகவல்லி.

பத்தாம் நாள் அவள் அம்மா இறந்துபோனாள். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். சித்தி அவளை இழுத்து அணைத்து, "வாய்விட்டு அழுடி," என்றாள். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"பெத்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, கல்நெஞ்சுக்காரி!" என்றாள் சித்தி.

வேலை தப்பியது. மாதம் முடிந்த அன்று கதவைச் சாத்திவிட்டு, அம்மாவின் சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விடியும்வரை அழுகை வரவேயில்லை.