மாமா மாறிவிட்டாரா?

“மாமா திருந்திட்டார்க்கா. நம்ம தெருப் பிரார்த்தனைக் கூடத்துல மூணு நாளா காலையில உக்காந்திருக்கார். என் கண்ணால பார்த்தேன்,” என்றாள் தங்கை, அக்கா படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டபடி. “சாமியே இல்லன்னு முப்பது வருஷமா சாதிச்ச மனுஷன்.”

ஒரு நாள் தவறாமல் அந்தக் கூடத்துக்குப் போகிறவள் அக்கா. அவள் சிரிக்கவில்லை.

“நீ சந்தோஷப்படுவேன்னு நினைச்சேன்.”

“என் குழந்தை போனப்ப நீங்கள்லாம் என்ன சொன்னீங்க? ஏதோ பாவத்துக்குத் தண்டனைன்னீங்க. அவர் மட்டும்தான், ‘தண்டிக்க மேல யாரும் இல்ல, உன் மேல தப்பே இல்ல’ன்னார். அந்த ஒரு வார்த்தையிலதான் நான் எழுந்து நடமாடினேன். இப்ப அவரும் மாறிட்டா எனக்கு யாருடி இருக்கா?”

தங்கை தலைகுனிந்துகொண்டாள். அப்போது அக்காவின் கணவர் ஃபிளாஸ்க்குடன் உள்ளே வந்தார்.

“ஏங்க, சாமி கும்பிடறீங்களாமே?”

“நானா? ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும், ‘இன்னிக்குப் போக முடியலையே’ன்னு அழுதியே. அதான் உனக்குப் பதிலா பத்து நிமிஷம் உக்காந்துட்டு வரேன். அங்க சாமின்னு யாரும் இல்லதான். ஆனா உன் இடம் காலியா இருக்க வேணாம்னு தோணுச்சு.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சற்று நேரம் விடவே இல்லை.

“நாளைக்கும் போகட்டுமா?”

“போங்க. ஆனா தப்பித் தவறிக்கூடக் கும்பிட்டுடாதீங்க.”