முகமூடிக்காரனுக்கு ஒரு வசனம்

அந்த ஆங்கிலப் படத்தின் நான்காம் பாகத்திலும் முகமூடி வில்லன் கிரகங்களை எரிக்கிறான். கைதான விமானிப் பெண்ணை மிரட்டுகிறான். தமிழில் கேட்டால் பயமே வரவில்லை.

"முகமூடிதானே, உதடு தெரியாது. நீயே வேற வசனம் எழுதும்மா" என்றார் டப்பிங் இயக்குநர் சபாபதி.

என் படிப்புக்கேற்றபடி இங்கே கிடைத்த முதல் வேலை. எழுதிவிட்டேன். வில்லனுக்குக் குரல் கொடுப்பவர் அதைக் கத்தாமல், கனிவாகப் பேசினார்: "கதவச் சாத்திட்டு வந்து உக்காரும்மா. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

சபாபதி சிரித்தார். "வில்லனா, மாமனாரா? இதுல என்னம்மா பயம் இருக்கு?"

கூட்டக் காட்சிகளுக்குக் குரல் கொடுக்க வந்திருந்த பெண்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. மைக்கருகே நின்ற ஷெரின் மெதுவாகக் கேட்டாள்:

"இது சபாபதி சார் அவரு ரூம்ல நம்மகிட்ட சொல்றதுதானக்கா?"

"ஆமா" என்றேன்.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை.