கயிறு, ஏணி, பூட்டு, சாக்கு, குருவி

"கயிறு, ஏணி, பூட்டு, சாக்கு..." அவன் நின்றுவிட்டான். ஐந்தாவது வரவில்லை.

"குருவிடா," என்றான் கரடி என்று எல்லோரும் கூப்பிடும் அவன் நண்பன், பல்லைக் கடித்துக்கொண்டு. "மெதுவாச் சொல்லு. உள்ளே கேக்கும்."

இரண்டு பேரும் மூடிய கதவுக்கு வெளியே சுவரோடு சுவராக நின்றிருந்தார்கள். காதில் விழுந்தவர்கள், இவர்கள் எந்த வீட்டிலோ கன்னம் வைக்கக் கிளம்புகிறார்கள் என்றே நினைத்திருப்பார்கள். குருவி மட்டும்தான் கொஞ்சம் இடித்திருக்கும்.

திருட்டுதான், ஆனால் வேறு தினுசு. ரக்பியில் தலையில் அடிபட்டவனை, டாக்டர் சோதித்துப் பார்க்காமல் மறுபடி மைதானத்தில் இறக்க மாட்டார்கள். முதலில் ஐந்து வார்த்தை சொல்வார், உடனே திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு எண்கள், மாதங்கள், ஒற்றைக் காலில் நிற்பது. எல்லாம் முடிந்ததும் அந்த ஐந்தையும் மறுபடி கேட்பார்.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் இவனும் கரடியும்தான் மண்டையோடு மண்டை மோதிக்கொண்டார்கள். கரடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மண்டையில் ஆவதற்கு என்ன இருக்கிறது என்று அணியே சிரித்தது. ஒரு மணி நேரம் முன்னால் சோதனையில் தேறிய கரடி, ஐந்து வார்த்தையையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வெளியே வந்திருந்தான். தன்னால் வந்த வினை என்று அவனுக்கு மனசு குறுகுறுத்தது.

"அந்தம்மா காலையிலேருந்து ஒரே தாளைத்தான் வச்சிருக்காங்க. உனக்கும் இதேதான். மறுபடி சொல்லு."

சொன்னான். பத்தொன்பது வயசுக்கு அவன் குரலில் அறுபது வயசுக் களைப்பு. விடியுமுன் ஓட்டம், பகலெல்லாம் கிடங்கில் பெட்டி தூக்குவது, சாயங்காலம் பயிற்சி. அத்தனையும் செய்து எட்டு வாரமாகப் பெஞ்சைத் தேய்த்ததுதான் மிச்சம்.

வருகிற சனிக்கிழமை சீனியர் அணியில் அவனுக்கு முதல் ஆட்டம். பெயரை எழுதிப் பலகையில் ஒட்டியாகிவிட்டது. இன்று தேறாவிட்டால் பன்னிரண்டு நாள் ஓய்வு, அதற்குள் அந்த இடத்தில் ஆடுகிற பழைய ஆள் முழங்கால் அடி ஆறி வந்துவிடுவான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் மறுபடி பெஞ்சுதான்.

"என்னை எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?"

"பத்தரைக்கு. இதோட மூணு தடவை கேட்டுட்ட."

"சும்மாதான் கேட்டேன்," என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். நடையில் எரிந்த ட்யூப் லைட் இரண்டு நாளாகவே ஊசி குத்துவதுபோல் குத்தியது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. அக்கா. அம்மா போனபிறகு, ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்துத் துவைத்தே இவனை ஆளாக்கியவள்.

"சனிக்கிழமைக்கு லீவு சொல்லிட்டேன்டா. முதல் வரிசையில உக்காரப்போறேன். தலைவலி போயிடுச்சா?"

"அன்னிக்கே போயிடுச்சுக்கா."

"பொய் சொன்னது தெரிஞ்சா உதைதான் விழும்."

போனைப் பாக்கெட்டில் போட்டான். கரடி விடவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது சரிதான். பதினோராவது தடவையில் குருவி தானாக வந்து உட்கார்ந்தது.

கதவு திறந்தது. "உள்ள வாங்க தம்பி," என்றார் டாக்டரம்மா. அவருக்கும் காலையிலிருந்து ஓயாத வேலை. "ஷூவைக் கழட்டுங்க. நிக்கிறதை முதல்ல முடிச்சிடுவோம்."

ஒற்றைக் காலில் நின்றான். ஒருமுறை தடுமாறிச் சமாளித்தான். கயிறு, ஏணி என்று நாக்குக்கடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

"மூணு, எட்டு, அஞ்சு, ஒண்ணு. பின்னாலேருந்து சொல்லுங்க."

"ஒண்ணு, அஞ்சு, எட்டு, மூணு."

"மாசங்களையும் அதேமாதிரி."

டிசம்பரிலிருந்து இறங்கினான். ஆகஸ்டில் மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்கி, ஒருவழியாக ஜனவரிக்கு வந்து சேர்ந்தான். டாக்டரம்மா எதையோ எழுதிவிட்டுத் தாளைத் திருப்பினார்.

"சரி. இப்போ அஞ்சு வார்த்தை."

"கயிறு, ஏணி, பூட்டு, சாக்கு, குருவி." ஒரே மூச்சில் கொட்டிவிட்டான்.

குருவியும் வந்துவிட்டது. அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது, அவ்வளவு நிம்மதி. எட்டு வாரம் அலுத்த உடம்பு நாற்காலியில் தளர்ந்தது. முதல் வரிசையில் அக்கா உட்கார்ந்திருப்பதுகூடத் தெரிந்தது.

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். அவன் கண் கூசுவதைக் கவனித்தார். பிறகு எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டு, நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணுகூடத் தப்பில்லையே டாக்டர்?"

"தப்பில்லை தம்பி. ஆனா அந்த அஞ்சையும் நான் இன்னும் உங்ககிட்ட சொல்லவே இல்லையே."