தொரையோட ரெண்டாவது டேங்கி

ஜீப் இருமுச்சு. குலுங்குச்சு. மூணாம் லயத்து ஏத்தத்துல, போன வாரம் நின்ன அதே எடத்துல நின்னுருச்சு.

"வீரபத்திரன்! இன்னிக்கும் நிக்குதா? மடையன்!" தொரை தொப்பியைக் கழட்டி முழங்கால்ல அடிச்சாரு.

"ரெண்டாவது டேங்கிதாங்க தொரை..." முனகிக்கிட்டே கீழ எறங்குனான் டிரைவர் வீரபத்திரன்.

வட்டகொடைப் பக்கம் அந்த ஜீப்பைத் தெரியாத ஆளே அப்பக் கிடையாது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருசம் ஆயும் தேயிலைத் தோட்டத்துக்கு வெள்ளக்காரத் தொரைதான். பட்டிப்பொல தாண்டி வேட்டைக்குப் போறப்ப நடுக்காட்டுல பெட்ரோல் தீந்துடக் கூடாதுன்னு, பின்சீட்டுக்கு அடியில இன்னொரு டேங்கி செஞ்சு மாட்டியிருந்தாரு. தூரப் பயணம்னா அதுலதான் கிளம்பணும்னு கட்டளை. அது வந்த நாள்லேருந்து வீரபத்திரனுக்கு ஏழரைச் சனி.

வண்டி நின்னா, குழாயைத் திருப்பி, கைப்பம்பு அடிச்சு, பழைய டேங்கியிலேருந்து பெட்ரோல் ஏறி வரக் கால்மணி நேரம் ஆயிரும். ஒரே கூரைக்குக் கீழ வரிசையாக் குடியிருக்குற லயத்துச் சனங்களுக்கு அது போதுமே! தொரை மொகத்தப் பாக்கணும்னா பெரிய கிளாக்கர் சுந்தரலிங்கத்தைத் தாண்டணும். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டான்கிற கதைதான். "தொரைக்கு நேரமில்ல, போ போ"ன்னு வெரட்டியடிப்பாரு. இங்க என்னடான்னா, தொரையே வாசல்ல வந்து நிக்கிறாரு!

"தொரைங்களே, கூரைத் தகரம் பூராவும் ஓட்டைங்க. மழை பேஞ்சாப் பச்சப்புள்ளையத் தூக்கிக்கிட்டு மூலைக்கு மூலை ஓடுறேனுங்க." மூணாம் லயத்துக் காளியாயி கையெடுத்துக் கும்பிட்டா.

"கிளாக்கர்கிட்ட சொல்லு." தொரை மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. திருப்புன மொகம் வீரபத்திரன் மேல விழுந்துச்சு. "இன்னும் ஒரு தடவை வண்டி நின்னா நீ டிரைவர் இல்ல. கவ்வாத்துக் கத்தி எடுத்து மலைக்குப் போ. தேயிலை வெட்டு!"

டிரைவர் உத்தியோகம்னா அப்ப சும்மாவா? காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு வீரபத்திரன் ஆரன் அடிச்சா, கொழுந்து எடுக்குற பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் நிமிந்து பாப்பாங்க. அவன் பொண்டாட்டி வேலாயிக்குத் தலைகால் புரியாது.

அன்னைக்குச் சாயங்காலம் டேங்கியை அக்குவேறு ஆணிவேறாப் பாத்தான். பெட்ரோல் கொறையக் கொறையக் காத்து உள்ள போகணும்ல, அதுக்குன்னு ஒரு சின்னக் குழாய் உண்டு. அதுக்குள்ள துணி உருண்டை! தானாவா போய் ஒக்காந்துச்சு? எவனோ நம்ம பொழப்புக்கு ஒலை வைக்கிறான்னு பல்லைக் கடிச்சான்.

அடுத்த பயணத்தன்னைக்குக் காலையில, ஆபீசுக்குப் பின்னால இருந்த கராஜ்ல ஒளிஞ்சு நின்னான். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு போட்ட உருவம் ஒண்ணு வந்து ஜீப்புக்குப் பின்னால குனிஞ்சுச்சு. சாட்சாத் பெரிய கிளாக்கரேதான்!

"அட, நீங்க மனுசனா? என் சோத்துல மண்ணப் போடுறீங்களே!"

கிளாக்கருக்கு வேர்த்துருச்சு. "கத்தாதடா. அந்தக் கூரையைப் பத்தித் தொரைகிட்ட எத்தன தரம் சொல்லியிருப்பேன் தெரியுமா? காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறாரு. லயத்துப் பக்கம் அந்த மனுசன் எறங்குனதே இல்ல. வண்டி நின்னாத்தான்டா நிக்கிறாரு."

"அப்ப எங்க ஆளுங்களை ஏன் வெரட்டுறீங்க?"

"வெரட்டலன்னா என் சீட்டைக் கிழிச்சுருவாரு. நானும் புள்ளகுட்டிக்காரன்டா."

"நான் மட்டும் சன்னியாசியா? இன்னொரு தடவை நின்னா என்னைய மலைக்கு அனுப்பிருவாராம்!"

கிளாக்கர் திரும்பவும் ஜீப்புக்குப் பின்னால குனிஞ்சாரு. "அது எனக்குத் தெரியாதுடா..." துணியை உருவி வெளிய எறிஞ்சாரு. "சாமி சத்தியமா இனி தொடமாட்டேன். நீ தைரியமாப் போ."

அன்னைக்கு மூணாம் லயத்து ஏத்தம் வர்றப்ப மழை கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு. ஜீப் நின்னுருச்சு.

ஜீப்போட கித்தான் கூரை மழைக்குத் தாங்கல. தொரை திட்டிக்கிட்டே எறங்கி ஓடி, காளியாயி வீட்டுக்குள்ள நொழைஞ்சாரு. நின்ன எடத்துல தலையில சொட்டுச்சு. நகந்தாரு. அங்கயும் சொட்டுச்சு. தொட்டிலுக்கு மேல காளியாயி ஒரு கிழிஞ்ச கொடையைக் கட்டியிருந்தா. தொரை கூரையை அண்ணாந்து பாத்தாரு.

அந்த மாசமே லயத்துக்குப் புதுத் தகரம் வந்துச்சு. வீரபத்திரனுக்குக் கவ்வாத்துக் கத்தி வந்துச்சு. தொரை வாக்குத் தவறாத மனுசன்!

வருசம் ஓடிருச்சு. தொரை சீமைக்குக் கப்பலேறிட்டாரு. வேலையை விட்டு மக வீட்டுக்குக் கிளம்புன கிளாக்கரை ரயிலேத்த, பெட்டியைத் தூக்கிக்கிட்டு வட்டகொடை ஸ்டேசனுக்கு வந்தவன் வீரபத்திரன்தான். ரெண்டு பேரும் அந்த ஜீப்பைப் பத்தியே பேசிப் பேசிச் சிரிச்சாங்க. "அந்தப் பெட்ரோல் வாடை இன்னும் எனக்குக் கனவுல வருதுங்கய்யா"ன்னான் வீரபத்திரன். எப்பேர்ப்பட்ட காலம் அது!

ரயில் ஊதுச்சு. கிளாக்கர் அவன் கையைப் புடிச்சுக்கிட்டாரு. கண்ணு கலங்கிருச்சு.

"வீரபத்திரா, இத்தன வருசமா உன் மொகத்தை நேராப் பாக்க முடியல. வாக்கு மீறி உன் பொழப்பைக் கெடுத்தது நான்தான்னு நெனச்சிருப்ப. என் புள்ளைங்க மேல சத்தியம்டா, அன்னைக்கு நான் அடைக்கல!"

"தெரியுங்கய்யா." வீரபத்திரன் பெட்டியைச் சன்னல் வழியா உள்ள தள்ளுனான். "அன்னைக்கு மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. தொரை நனையிறதுக்கு அதை விட்டா நல்ல நாளு வராதுன்னு, நான்தான் அடைச்சேன்."